அக்கா மகன் கட்டிய இஞ்சின்

என் அக்கா மகன் கட்டிய இஞ்சினைப் பற்றி ஊரறிய நாலு நல்ல வார்த்தை எழுத வேண்டும் என்பது எனக்கு வெகுநாள் ஆசை. முப்பது வருடம் லோரி இஞ்சின்களைப் பிரித்து மாட்டிய கை என்னுடையது. நல்ல வேலையைத் தொட்டால் அதற்குத் தெரிந்துவிடும். சிம்பாங் அம்பாட்டில் இன்றைக்கு இருபது வயதில் இருக்கிற பையன்களில் இவன் அளவுக்கு இஞ்சின் அறிந்தவனை நான் பார்த்ததில்லை. இதை யார் முன்னாலும் சொல்வேன்.

மோட்டார் அவன் அப்பாவுடையது. ஹோண்டா இஎக்ஸ்5. எங்கள் பக்கத் தோட்டங்களில் அந்த மோட்டார் ஏறாத மேடு கிடையாது. அத்தான் விடியுமுன்னே அதில் பால்மரம் வெட்டப் போவார், பிறகு அதே மோட்டாரில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவார், சாயங்காலம் அக்காவைப் பின்னால் உட்காரவைத்து அலோர் காஜாவில் சாமான் வாங்கி வருவார். கித்தா போய்ச் செம்பனை வந்தது, லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடி வந்தார்கள், மோட்டாரும் கூடவே வந்தது. அத்தான் சிறுநீரகக் கோளாறில் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. மோட்டார் மகன் கைக்கு வந்தது.

அந்த இஞ்சினில் சிலிண்டர் விட்டம் 50 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம் 49.5 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் 97 சிசி. மருமகன் அந்தப் பிளாக்கைக் கடைந்து 56 மில்லிமீட்டர் பிஸ்டன் இறக்கினான். ஆறு மில்லிமீட்டர்தான் கூடியது, ஒரு பச்சரிசி நீளம். ஆனால் வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. 97 சிசி 122 சிசி ஆகிவிட்டது. ஒவ்வொரு இழுப்பிலும் கால்பங்கு காற்று அதிகம். இஞ்சினின் பலம் பெட்ரோலில் இருக்கிறது என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம், அதை எரிக்கக் காற்று வேண்டும். ஒரு பங்கு பெட்ரோல் முழுசாக எரிய எடைக்கணக்கில் கிட்டத்தட்ட பதினைந்து பங்கு காற்று தேவை. இஞ்சின் கட்டுகிறவன் காற்றைப் பிடிக்கிறவன். இவனுக்கு இது சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருந்தது.

சிலிண்டர் ஹெட்டில் அவன் செய்த வேலையை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். காற்று வால்வுக்கு வந்து சேரும் வழி வார்ப்படத்தில் சொரசொரப்பாக இருக்கும், நடுவில் ஒரு திட்டும் இருக்கும். சாத்தே குச்சியில் உப்புத்தாளைச் சுற்றி, ஒரு வாரம் ராத்திரி ராத்திரியாக அதைத் தேய்த்தான். விரல் நுனியால் தடவிப் பார்ப்பான், டார்ச் அடித்துப் பார்ப்பான், திரும்பத் தேய்ப்பான். அது முடிந்ததும் ஹெட்டின் அடியைச் சீவி, எரியறையின் கொள்ளளவைக் குறைத்தான். எவ்வளவு குறைந்தது என்று எப்படி அளந்தான் தெரியுமா? ஹெட்டைக் கவிழ்த்துவைத்து, ஒரு கண்ணாடித் தகட்டை மூடி, அதில் போட்ட ஓட்டை வழியாக மருந்துக்கடைச் சிரிஞ்சால் மண்ணெண்ணெய் விட்டான். கால் சிசி அதிகம் போய்விட்டது என்று மூன்று தடவை துடைத்துத் துடைத்து அளந்தான். கலவை எவ்வளவு நெருக்கப்படுகிறதோ அவ்வளவு ஓங்கி பிஸ்டனை அறையும். அளவு மீறி நெருக்கினால் பொறி வருமுன்னே தானாகப் பற்றிக்கொண்டு பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். அந்த எல்லைக் கோட்டில் போய் நின்றான், தாண்டவில்லை. அந்தப் பொறுமை என் இருபது வயதில் எனக்கு இருந்ததில்லை.

கேம் மாற்றினான், வால்வு அதிக நேரம் திறந்திருக்கிறது. வால்வு ஸ்பிரிங் மாற்றினான், அது திறந்த வேகத்துக்குச் சரியாக மூடிக்கொள்கிறது. கார்புரேட்டர் பெரிது. எக்ஸோஸ் திறந்த குழாய். முன்பு மூச்சு வாங்கிய இஞ்சின் இப்போது 10,000 சுற்றைத் தாண்டிப் போகிறது என்கிறான். முறுக்குவிசையும் சுற்றும் சேர்ந்ததுதான் குதிரைத்திறன். ஒரே அறையை ஒரு நிமிடத்தில் இன்னும் எத்தனை தடவை அறையலாம் என்பதுதான் பந்தய இஞ்சின்காரனின் வாழ்நாள் கேள்வி. அவன் அந்தக் கேள்விக்குத் தன் சம்பளம் முழுவதையும் கொடுத்தான். பக்கத்திலுள்ள தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை, ஓவர்டைம் காசு, தீபாவளி போனஸ், எல்லாம் போனது. ஒரு வெள்ளிகூட வேறு எதற்கும் சிதறவில்லை. எல்லாம் இஞ்சினுக்கே.

இதே வேலையை உலகத்தில் மிகப் பெரிய அளவில் செய்கிறவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். ஸ்டாக் கார் பந்தயம், நாஸ்கார். ஸ்டாக் என்றால் கடையில் வாங்கியபடி என்று பொருள். 1949 ஜூன் 19 அன்று சார்லட் நகரில் அப்படித்தான் முதல் பந்தயத்தை நடத்தினார்கள். முதலாவதாக வந்தவர் கிளென் டன்னவே. வண்டியைப் பரிசோதித்தபோது பின்சக்கர ஸ்பிரிங்கை மாற்றியிருந்தது தெரிந்தது. கள்ளச்சாராயம் ஏற்றுகிறவர்கள், பாரத்தில் பின்பக்கம் தணியாமலிருக்க அந்தக் காலத்தில் செய்த வேலை அது. வெற்றியைப் பறித்து அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டார்கள். பந்தயம் பிறந்த நாளிலேயே ஒரு கை வண்டியை மாற்றியது, இன்னொரு கை அதைத் தடுத்தது. இந்த இரண்டு கையும் சேர்ந்துதான் எழுபத்தைந்து வருடத்துக்கு மேலாக அந்த விளையாட்டை நடத்துகின்றன.

அவர்கள் இஞ்சினின் கொள்ளளவை 358 கன அங்குலத்தில் நிறுத்திவிட்டார்கள், 5.8 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். எட்டு சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டே வால்வு, கேம் தண்டு அடியில் பிளாக்குக்குள், அங்கிருந்து நீளக் கம்பி மேலே போய் வால்வைத் தள்ளும். 1955ல் செவ்ரலே போட்டதும் இதே அமைப்புதான். பெரிய தொடரில் 2011 வரை கார்புரேட்டர்தான், எங்கள் இஎக்ஸ்5 மாதிரியே. கொள்ளளவு பூட்டப்பட்டதால் அவர்களுக்கு இருந்த வழி சுற்றை ஏற்றுவதுதான். நிமிடத்துக்கு 9,000 சுற்று. ஒரு நொடிக்கு 150. ஒவ்வொரு வால்வும் ஒரு நொடியில் 75 தடவை திறந்து மூட வேண்டும். எட்டு சிலிண்டரையும் சேர்த்தால் ஒரு நொடியில் 600 வெடிப்பு. அந்தக் கம்பியும் ஸ்பிரிங்கும் அதைத் தாங்கி 500 மைல் ஓடுவது என் கண்ணுக்கு ஒரு பெரிய அதிசயம். 2014 வாக்கில் அந்த இஞ்சின்கள் 850 குதிரைத்திறனை ஒட்டி நின்றன.

அடுத்து நடந்ததையும் சேர்த்துத்தான் அவர்களைப் பாராட்ட வேண்டும். 1987 ஏப்ரல் கடைசியில் டல்லடேகா ஓடுதளத்தில் பில் எலியட் மணிக்கு 212 மைலுக்கு மேல் ஓட்டினார், அதாவது 342 கிலோமீட்டர். மூன்றே நாளில், மே 3 அன்று, அதே இடத்தில் பாபி ஆலிசனின் வண்டி டயர் வெடித்து, எழும்பி, பார்வையாளர்களுக்கு முன்னாலிருந்த வேலியைக் கிழித்தது. மறுவருடமே டல்லடேகாவிலும் டேடோனாவிலும் ஒரு தகடு கொண்டுவந்தார்கள். நான்கு ஓட்டை போட்ட உலோகத் தகடு. கார்புரேட்டருக்கு அடியில் அதைச் செருகினால் காற்று குறைகிறது, காற்று குறைந்தால் பலம் குறைகிறது. கெட்டிக்காரர்கள் நாற்பது வருடமாக மைக்ரோமீட்டர் வைத்துச் சேர்த்த குதிரைகளை, பட்டறைப் பையன் ஒரு மணி நேரத்தில் துளைத்துத் தரக்கூடிய ஒரு தகடு திருப்பி அனுப்பியது. பிறகு 2015ல் மற்ற ஓடுதளங்களிலும் 725க்கு இறக்கினார்கள், 2022ல் 670. கட்டத் தெரிந்தவர்கள் அவர்கள். எவ்வளவு போதும் என்று சொல்லவும் அவர்களிடம் ஆள் இருந்தது.

என் மருமகன் இஞ்சினுக்கு அப்படி ஒரு தகடு போட யாருக்கும் மனசு வரவில்லை. அவ்வளவு அழகான வேலை அது.

அந்த நாஸ்காரில் ஒரு தமிழரும் ஓட்டியிருக்கிறார். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். 2005ல் இந்தியாவிலிருந்து முதல் ஆளாக ஃபார்முலா ஒன் போனவர். அவருடைய அப்பாவும் ராலி ஓட்டியவர், தென்னிந்திய ராலியை ஏழு தடவை வென்றவர். 2010ல் நரேன் நாஸ்காரின் டிரக் தொடருக்குப் போனார். டிரக் என்றதும் நான் ஓட்டிப் பழகிய பத்துச் சக்கர லோரியை நினைக்க வேண்டாம். நம் ஊர் ஹைலக்ஸ் மாதிரி பின்பக்கம் திறந்த வண்டி, அடியில் பந்தய இஞ்சின். முதல் பந்தயத்திலேயே பதின்மூன்றாவதாக முடித்தார். அந்த வருடம் அந்தத் தொடரின் ரசிகர்கள் ஓட்டுப் போட்டு அவரைத்தான் தங்களுக்கு மிகப் பிடித்த ஓட்டுநராகத் தேர்ந்தெடுத்தார்கள். மருமகனின் கைப்பேசியில் அவர் படம் இருக்கிறது.

அந்த முதல் பந்தயம் நடந்த இடம் மார்ட்டின்ஸ்வில். அதைத்தான் அவனுக்கு நான் அடிக்கடி சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு சுற்று அரை மைலுக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். காகிதம் சொருகும் கிளிப்பைப் போன்ற வடிவம், இரண்டு நேர்க்கோடு, இரண்டு கொண்டை வளைவு. மொத்தம் 250 சுற்று. ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை என்றால் 500 தடவை பிரேக் பிடிக்க வேண்டும். ராத்திரிப் பந்தயத்தில் அங்கே சக்கரத்துக்குள் பிரேக் தட்டு கொல்லன் உலையில் வைத்த இரும்பு மாதிரி செக்கச்செவேலென்று தெரியும். அந்தத் தட்டுக்கு முன்னாலிருந்து காற்றுக் குழாய் இழுத்துவிடுகிறார்கள். இஞ்சினுக்குக் காற்றுப் பிடிப்பதற்கு எத்தனை மூளை வேலை செய்கிறதோ அத்தனை மூளை பிரேக்குக்குக் காற்றுப் பிடிக்கவும் வேலை செய்கிறது. கோயம்புத்தூர்க்காரர் பதின்மூன்றாவதாக வந்தது அந்தத் தடத்தில்.

நிஜமான லோரிப் பந்தயமும் உண்டு. ஐரோப்பாவில் நடக்கிறது. லோரிக்காரனாகிய நான் அதைப் பார்க்க ராத்திரி கண் விழித்திருக்கிறேன். 13 லிட்டர் டீசல் இஞ்சின், டர்போவால் காற்றைத் திணித்து 1,000 குதிரைத்திறனுக்கு மேல் எடுக்கிறார்கள். வண்டியின் எடை ஐந்து டன்னுக்கு மேல். ஆனாலும் மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி. கறுப்புப் புகை விட்டால் தண்டனை. டீசலில் கறுப்புப் புகை என்றால் காற்றுக்கு மிஞ்சி எண்ணெய் ஊற்றியிருக்கிறாய் என்று அர்த்தம், எங்கள் பட்டறையில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம். எனக்குக் கண் கலங்கிய இடம் வேறு. அந்த லோரிகள் தண்ணீர்த் தொட்டி சுமக்கின்றன. இஞ்சினுக்கு இல்லை, பிரேக்குக்கு. ஒவ்வொரு வளைவிலும் சூடேறிய பிரேக்கின் மேல் தண்ணீர் பீய்ச்சி, வெள்ளை ஆவி கிளம்பக் கிளம்பத் திரும்புகின்றன. ஒரு கிலோ எடையை மிச்சப்படுத்தத் தவிக்கிற பந்தயக்காரன், நிற்பதற்காகத் தண்ணீரைச் சுமந்துகொண்டு ஓடுகிறான்.

இந்தியாவில் 2014 மார்ச்சில் டெல்லிக்குப் பக்கத்தில் புத் ஓடுதளத்தில் டாட்டா பிரிமா லோரிகளை வைத்துப் பந்தயம் தொடங்கியபோது முதலில் வெளிநாட்டு ஓட்டுநர்கள்தான் ஓட்டினார்கள். நெடுஞ்சாலையில் ஓட்டும் இந்திய ஓட்டுநர்களைத் தேர்ந்து, பயிற்சி கொடுத்து, 2016ல்தான் இறக்கினார்கள். நம் மலேசியாவிலும் இஎக்ஸ்5 போன்ற கப்சாய்களுக்கென்று 1994லிருந்து கப் பிரி நடக்கிறது, 1999லிருந்து சிப்பாங் ஓடுதளம் இருக்கிறது. அங்கே வளைவுக்கு வெளியே சரளை மணல், அதற்கப்பால் டயர் சுவர், ஆம்புலன்சு.

மருமகனுக்கு இருக்கிற ஓடுதளம் டோலிலிருந்து வரும் சாலை. ஒரு பக்கம் கால்வாய், ஒரு பக்கம் செம்பனை, எதிரே லோரி. அதில் அவன் 130 போகிறான். முன்பு அத்தான் அந்த மோட்டாரை எவ்வளவு முறுக்கினாலும் 90தான். 90க்கும் 130க்கும் இடையில் நாற்பதுதான் வித்தியாசம் என்று மீட்டர் சொல்லும். ஓடுகிற வண்டிக்குள் இருக்கிற சக்தியும் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவது, அவன் பிஸ்டன் கணக்கைப் போலவே. 90ல் இருந்ததைவிட 130ல் இரண்டு மடங்குக்கும் மேல். நிறுத்த வேண்டிய நேரத்தில் அதில் பெரும்பங்கு சூடாக மாறி பிரேக் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். கண் பார்த்து, கை அழுத்துவதற்கு ஒரு நொடி ஆனால், அந்த ஒரு நொடியில் மோட்டார் 36 மீட்டர் போயிருக்கும். எங்கள் தாமானில் ஆறு வீட்டு வாசல். மலேசியச் சாலைகளில் சாகிறவர்களில் நூற்றுக்கு அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மோட்டாரில் போனவர்கள். எங்கள் இடுகாட்டுக்குப் போய் வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

அந்த எக்ஸோஸ் சத்தத்தையும் பாராட்ட வேண்டும். ராத்திரி ஒரு மணிக்கு அவன் டோல் பக்கம் திரும்பும்போதே அக்காவுக்குக் கேட்டுவிடும். நூறு மோட்டார் சத்தத்தில் மகன் மோட்டாரை அவளால் பிரித்துச் சொல்ல முடியும். சத்தம் வந்த பிறகுதான் சாமி மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் எழுந்து விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுப்பாள். சத்தம் நடுவில் நின்றுவிட்ட ராத்திரி ஒன்று இருந்தது. பெட்ரோல் தீர்ந்துபோய்த் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறான். அந்த முக்கால் மணி நேரத்தில் அக்கா எனக்கு ஏழு தடவை போன் செய்தாள். பேசவில்லை. போன் எடுத்தேன், அழுகைதான் கேட்டது.

மாமன், சித்தப்பன், பக்கத்து வீட்டுக்காரர் என்று நாங்கள் எல்லாரும் அந்த மோட்டாரை மனமாரப் புகழ்ந்திருக்கிறோம். கல்யாண வீட்டு வாசலில் அவன் வந்து நிறுத்தினால் சுற்றிக் கூடுவோம். "எவ்வளவு போகும்டா?" என்று கேட்போம். சொல்வான். "அடேயப்பா" என்போம். ஒருவராவது, எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. பிரேக் பிடிக்காமல் போன லோரிகளை என் கையால் அவிழ்த்துப் பார்த்தவன் நான். எனக்குத் தெரியும். ஆனால் அவன் பிளாக்கைக் காட்டியபோது பிளாக்கைத்தான் பார்த்தேன், ஹெட்டைக் காட்டியபோது ஹெட்டைத்தான் தடவினேன். சிம்பாங் அம்பாட் என்ற ஊரின் பேரே மலாயில் நாற்சந்தி. நாலு பக்கமிருந்தும் வருகிறவர்கள் நின்று போக வேண்டிய இடம் என்றுதான் அந்தக் காலத்து மனிதர்கள் இதற்குப் பேர் வைத்திருக்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வந்தான்.

"மாமா, 28 மில்லி கார்புரேட்டர் ஒண்ணு வருது. பாதிக் காசு குடுங்க, ரெண்டு மாசத்துல திருப்பிடுறேன்."

"குடுக்கிறேன். முதல்ல முன் பிரேக்கை நல்லா அழுத்திப் பிடி."

பிடித்தான். இஎக்ஸ்5ல் முன்னாலும் பின்னாலும் டிரம் பிரேக்தான். பிரேக் கை அசையும் இடத்தில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும், தகட்டில் ஒரு அடையாளம் இருக்கும். முழுக்க அழுத்தும்போது அம்பு அடையாளத்தைத் தொட்டால் கட்டையை மாற்ற வேண்டும். அழுக்கைத் துணியால் துடைத்துவிட்டு அவனையே குனிந்து பார்க்கச் சொன்னேன். அம்பு அடையாளத்தைத் தாண்டி வெகுதூரம் போய் நின்றிருந்தது.

சக்கரத்தைக் கழற்றினோம். மூடியை எடுத்ததும் கறுப்புத் தூள் என் மடியில் கொட்டியது. கட்டை இரண்டும் வழுவழுவென்று தேய்ந்து, ஒரு ஓரத்தில் நகக்கனம் இருந்தது, இன்னொரு ஓரத்தில் அலுமினியம் தெரிந்தது. டிரம்மின் உள்பக்கம் வரிவரியாகக் கீறல். கால் சிசி மண்ணெண்ணெய்க்காக மூன்று தடவை துடைத்து அளந்த பையன், அந்தக் கட்டையைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கட்டைவிரலால் அந்த ஓரத்தைத் தடவினான்.

"இதைக் கடைசியா எப்ப மாத்துனே?"

ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான்.

"நான் மாத்துனதில்ல, மாமா. இது அப்பா போட்டது."